வேல்கம்பு வந்த வழி

கொம்பங்குறிச்சியில் கோயில் கொடை நடந்த மத்தியானம், சப்பரம் எந்தப் பக்கம் முதலில் திரும்புவது என்று தொடங்கிய வாய்ப்பேச்சு வெட்டாக மாறி, வடக்குத் தெருக்காரர்களும் தெற்குத் தெருக்காரர்களும் நடு ரோட்டில் ஒருவரையொருவர் அரிவாளால் கொத்திக்கொண்டிருந்தபோது, மேற்கேயிருந்து எறியப்பட்ட ஒரு வேல்கம்பு பாதி வழி வந்து, ரோட்டுக்கு மேலே வெறும் காற்றில், முனை கிழக்கே தாழ்ந்தும் அடிக்கட்டை மேற்கே உயர்ந்தும் சாய்ந்தபடி நின்றுவிட்டது. அது நின்றதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. வெட்டு முடிந்து, செத்தவர்களைக் கட்டிலில் தூக்கிப்போட்டு, விழுந்து கிடந்த செருப்புகளையும் ஒரு காதையும் நாய் இழுக்காமல் பொறுக்கியெடுத்து, ரத்தத்தின்மேல் மண் அள்ளிப்போட்ட பிறகுதான், மண்வெட்டியோடு நிமிர்ந்த ஒருவன் அதைப் பார்த்து, “ஏல, இது என்ன இன்னும் விழாம நிக்கி?” என்றான்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் அதில் ஏணி சாத்தி ஏறி லத்தியால் தட்டிப் பார்த்தார். ஒரு கான்ஸ்டபிள் ஏறிக் கையால் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். டிராக்டரில் வடம் கட்டி இழுத்தபோது டிராக்டரின் முன்சக்கரம் தூக்கியதே தவிர வேல்கம்பு அசையவில்லை. செத்தவர்களுக்கும் வெட்டுப்பட்டவர்களுக்கும் வழக்கு எழுதிய இன்ஸ்பெக்டர், வேல்கம்பை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல், “யாரையும் குத்தாத கம்புக்கு நான் எந்தச் சட்டத்துல கேஸ் போடுறது? குத்தினா சொல்லி அனுப்புங்க” என்று ஜீப்பில் ஏறிப் போனார்.

அதன்பிறகு ஊர் அதோடு வாழப் பழகிக்கொண்டது. காக்கைகள் அதில் உட்கார்ந்தன. கட்சிக்காரர்கள் கொடி கட்டினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒலிபெருக்கி கட்டினார்கள். பஸ் நிறுத்தத்துக்கு வேல் ஸ்டாப் என்று பெயர் வந்து, கண்டக்டர்கள் அப்படியே கூவி ஆளை இறக்கினார்கள். புதுப்பெண்களை அதன் நிழலை மிதிக்காமல் கூட்டிப்போனார்கள். முதலில் அடியில் தாராளமாகப் போய்க்கொண்டிருந்த பஸ், சில வருஷங்களில் கூரை கீறல்பட்டு ஓரமாக ஒதுங்கிப் போகத் தொடங்கியது. ‘வருஷா வருஷம் பழைய ரோட்டுக்கு மேலேயே தாரைக் கொட்டினால் ரோடு உயராமல் என்ன செய்யும்’ என்று பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டினார்கள்.

எறிந்தது யார் என்பதில்தான் ஊர் இரண்டாகவே நின்றது. இரண்டு தெருவுக்கும் வேல்கம்பு அடித்தது ஒரே பட்டறை என்பதால் கம்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ரோடு மேற்கே வளையும் இடத்தில் மூன்று உயரமான இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. முதலில் தெற்குத் தெரு சுயம்புவின் ஒற்றை மாடி மச்சு. அதன் பின்னால் வடக்குத் தெரு வெயிலுகந்தாரின் இரட்டை மாடி. அதற்கும் பின்னால் ஊருக்குப் பொதுவான தண்ணீர்த் தொட்டி. கிழக்கே நின்று வேல்கம்பின் வழியாகப் பார்த்தால் மூன்றும் ஒரே நேராகத் தெரியும். வடக்குத் தெரு சுயம்புவைச் சொன்னது. தெற்குத் தெரு வெயிலுகந்தாரின் வீட்டைச் சொன்னது. ஆனால் அந்த வீட்டில் எறியக்கூடியவன் அவருடைய மகன் தளவாய் ஒருவன்தான், அவனோ அன்று கீழே ரோட்டில் நின்று வெட்டிக்கொண்டிருந்ததை அவனிடம் வெட்டுப்பட்டவர்களே பார்த்திருந்தார்கள். வெயிலுகந்தாரை யாரும் நினைக்கவேயில்லை. அவர் ஒரு கோழியைக்கூட அறுக்காத மனுஷர், இரண்டு தெருச் சண்டையிலும் கை நீட்டாதவர், மாட்டை அடிக்கிறவனைக்கூடக் கண்டிக்கிறவர்.

சப்பரம் ஒரு சாக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் மாசியில் வெயிலுகந்தாரின் மகள் பிரம்மசக்தி, கணக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்த கையோடு, தெற்குத் தெரு முத்தரசுவைக் கல்யாணம் செய்துகொண்டு, ரோட்டின் கிழக்குப் பக்கம் அவன் சைக்கிள் கடையோடு சேர்ந்திருந்த வீட்டில் குடியேறியிருந்தாள். அந்தக் கோபம்தான் கொடைவரைக்கும் காத்திருந்தது. அன்றைய வெட்டில் முத்தரசுவின் அண்ணன் கழுத்து பாதி அறுந்து செத்தான்.

அடுத்த வருஷம் தளவாய் தன் ஆட்களோடு ஒரு காலை நேரத்தில் சுயம்புவை அவன் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது பிடித்தான்.

“எந்தக் கையால எறிஞ்ச?”

“அண்ணாச்சி, நான் எறியல. எம் பிள்ள மேல சத்தியம்.”

“எந்தக் கைன்னு கேட்டேன்.”

தப்ப முடியாது என்று தெரிந்துகொண்ட சுயம்பு, எது போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கணத்திலும் யோசித்து, இடது கையை நீட்டினான். தளவாய் சிரித்தான். வலது கையைத் தொட்டிச் சுவரின்மேல் வைத்து, முழங்கைக்கு மேலே வெட்டினார்கள். முதல் வெட்டில் போகவில்லை. பம்புசெட்டுத் தண்ணீர் அன்று வெகுநேரம் வாய்க்காலில் சிவப்பாக ஓடி வாழைக்குப் பாய்ந்தது. பதிலுக்குத் தெற்குத் தெருக்காரர்கள், சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு நின்ற வடக்குத் தெரு ஆள் ஒருவனின் குடலைச் சரித்தார்கள்; அவன் அதை வெங்காயப் பையால் பொத்திக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய் அங்கே உட்கார்ந்து செத்தான். இப்படியே ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் போனார்.

சுயம்பு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெயிலுகந்தார் வாழைப்பழச் சீப்போடு போய், கட்டிலருகே ஒரு சாயங்காலம் முழுக்க ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மகன் செய்ததற்கு அப்பா வெட்கப்படுகிறார் என்று எல்லோரும் அவரை இன்னும் மதித்தார்கள். பிரம்மசக்திக்குப் பிள்ளை பிறந்தபோது, வடக்குத் தெருவில் யார் தடுத்தும் கேளாமல் ரோட்டைக் கடந்து வந்து, பேரனை மடியில் வாங்கி, மகள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். பிறகு அடிக்கடி வந்தார். மகள் வாசலில் நின்றால் மட்டும், “உள்ள போம்மா, வெயிலு” என்பார். மேகம் மூடியிருந்த நாளிலும் அப்படியே சொன்னார்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் முக்கோணவியல் பாடம் வரும்போது, கலங்கரை விளக்கத்தின் உச்சியும் பறக்கும் பட்டமும் கணக்கில் வரும். கொம்பங்குறிச்சிப் பிள்ளைகளுக்குக் கலங்கரை விளக்கம் எதற்கு, தலைக்கு மேலேதான் ஒன்று நிற்கிறதே என்று, பிரம்மசக்தி டீச்சர் ஒவ்வொரு வருஷமும் வகுப்பை ரோட்டுக்கு அழைத்துவருவாள். கோணமானியில் ஒரு உறிஞ்சுகுழலை ஒட்டி, நூலில் சிறு கல்லைத் தொங்கவிட்டு, அதன் வழியாக வேல்முனையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். நூல் நாற்பத்தைந்து டிகிரி காட்டும் இடத்தில் நின்றால், முனைக்கு நேர் கீழே இருந்து நாம் நிற்கும் தூரமும், நம் கண்ணுக்கு மேலே முனையின் உயரமும் ஒன்றுதான். கண் உயரத்தைக் கூட்டினால் விடை. முதல் வருஷம் பிள்ளைகள் பதினான்கு அடி என்று விடை சொன்னார்கள்.

பிறகு வந்த பிள்ளைகள் பதின்மூன்று என்றார்கள், பன்னிரண்டரை என்றார்கள். டீச்சர் தப்பு போட்டாள். இந்த வருஷம் மொத்த வகுப்பும் பத்து அடி என்று சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்து, “நாலு அடியா விட்டுருவீங்க? நூலப் பாத்தீங்களா, கூரையில காக்காயப் பாத்தீங்களா?” என்று கத்தினாள்.

“நீங்களே அளந்து பாருங்க டீச்சர்” என்றது முன்வரிசைப் பெண் ஒன்று. “எங்க அக்கா படிக்கையிலயும் அவளுக்குத் தப்புதான் போட்டீங்க.”

அளந்தாள். பத்து அடிதான். ரோடு உயர்ந்திருக்கலாம் என்று தாரை ஓரத்தில் கொத்திப் பார்த்தாள். ஒரு சாண்கூட இல்லை. வேல்கம்பு இறங்கிக்கொண்டிருந்தது. சாய்வு மட்டும் அப்படியே இருந்தது. எந்த வருஷம் அதிகமாக இறங்கியது என்று விடைகளை நினைவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தபோது, சுயம்புவின் கை போன வருஷம், சந்தையில் குடல் சரிந்த வருஷம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. இந்தப் பகையில் ரத்தம் விழும்போதெல்லாம் அது தான் வந்த வழியிலேயே கொஞ்சம் முன்னேறுகிறது. யாரும் ஆச்சரியப்படவில்லை. “வராம என்ன செய்யும், எறிஞ்சது எறிஞ்சதுதான” என்றான் டீக்கடைக்காரன்.

ஆனால் தளவாய் இதைக் கேட்டுவிட்டு வேறு ஒன்று சொன்னான். எறிந்தவன் தலை விழுந்தால்தான் அது முழுசாக இறங்கும், ஒரு கை பத்தவில்லை, இந்தக் கொடைக்குள் சுயம்புவை முடித்துவிடுவோம் என்று டீக்கடையில் வைத்தே சொன்னான். மறுநாள் சுயம்பு சைக்கிள் கடைக்கு வந்து, வலது சட்டைக்கை காற்றில் ஆட, பிரம்மசக்தியின் முன் நின்றான்.

“டீச்சர், ஒசரம் சொல்லுத கணக்குல எங்கேருந்து வந்ததுன்னும் சொல்லலாம்லா?”

“சொல்லலாம்.”

“அப்ப சொல்லிருங்க. எம் மச்சுலேருந்துதான் வந்ததுன்னு வந்தா தலைய நானே குடுத்துருதேன். இல்லன்னா நம்ம பிள்ளயளுக்கு முன்னால, ரெண்டு தெருவும் நிக்கையில, இல்லன்னு சொல்லுங்க. போன கை வராது. தெரியும். ஆனா இல்லன்னு ஒருத்தராவது சொல்லணும்.”

அவன் போனபிறகு முத்தரசு டியூபை ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான். “கணக்குக்கு என்ன, விடை வந்துரும். வந்த பெறவு அத எங்க கொண்டுபோய் வைப்ப?”

“நான் சொல்லலன்னா அவன வெட்டிருவாங்க.”

“சொன்னா வேற யாரயாவது வெட்டுவாங்க” என்றான் முத்தரசு. பிறகு, “சொல்லு. ஒனக்குப் பக்கத்துல நான் நிக்கேன்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைத் தூக்கிவந்து சைக்கிள் கடைச் சுவரில் சாய்த்தார்கள். இரண்டு தெருவும் வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றது. ஆண்கள் வேட்டிக்குள் முதுகுப்பக்கம் அரிவாள் சொருகியிருந்ததால் யாரும் உட்காரவில்லை. தளவாய் தன் ஆட்களுடன் வந்து முன்னால் நின்றான். வெயிலுகந்தார் வரவில்லை, அவர் மாடியில் நார்க்கட்டிலில் படுத்திருப்பதாகச் சொன்னார்கள்.

பிள்ளைகள் முனையின் உயரத்தையும் அடிக்கட்டையின் உயரத்தையும் எல்லோர் முன்னாலும் அளந்தார்கள். முனை பத்து அடி. அடிக்கட்டை பதினான்கு.

“வேல்கம்பு நீளம் எட்டடி” என்று பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தாள் பிரம்மசக்தி. “சாய்ஞ்ச பக்கம் எட்டு. நிமுந்த பக்கம் நாலு. எட்டுக்கு நாலு, பாதி. நிமுந்தது சாய்ஞ்சதுல பாதியா வந்தா, கோணம் முப்பது டிகிரி. இதுல வடக்கும் கெடையாது, தெக்கும் கெடையாது. யாரு வகுத்தாலும் பாதிதான்.”

“சரி, மேல சொல்லு” என்றான் தளவாய்.

“முப்பது டிகிரில வாரது, தரையில கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் அடி நகர்றதுக்கு ஒரு அடி எறங்கும். இப்பம் முனை பத்து அடியில இருக்கு. அப்ப இன்னும் பதினேழு அடி சில்லறை போயி தரையத் தொடும்.”

பிள்ளைகள் முனைக்கு நேர் கீழே கல் வைத்து, அங்கிருந்து கம்பு காட்டிய திசையில் நாடாவை இழுத்துக்கொண்டு போனார்கள். நாடா சைக்கிள் கடையைத் தாண்டி, பிரம்மசக்தியின் வீட்டு நிலைப்படியைத் தாண்டி, முன்னறைத் தரையில் போய் நின்றது. கூட்டம் லேசாகச் சிரித்தது. ஆளில்லாத அறையைக் குத்த எவன் எறிவான்? அவளும் அப்போதைக்கு அதை விட்டுவிட்டாள். சுயம்பு காத்துக்கொண்டிருந்தான். அந்தத் தரைப்புள்ளியிலிருந்து மேற்கே அளக்கச் சொன்னாள்.

சுயம்புவின் மச்சு நாற்பது அடி தூரத்தில் இருந்தது. “நாப்பது அடியில இந்தக் கோடு இருபத்து மூணு அடி ஒசரத்துல வந்திருக்கணும். மச்சு ஒசரம் பன்னெண்டு அடி. அதுல ஆளு நின்னு கையத் தூக்கினா இன்னும் ஏழு. பத்தொம்பது. அப்பமும் கம்பு அவன் கைக்கு மேல நாலு அடி ஒசரத்துல போயிருக்கு. சுயம்பு எறியல.”

தெற்குப் பக்கம் பெரிய சத்தம் எழுந்தது. சுயம்பு தன் ஒற்றைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்தான். அவன் மனைவி வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். தளவாயின் முகம் வெளுத்திருந்தது. அவன் சுயம்புவைப் பார்க்கவில்லை, சுயம்புவின் வெறும் சட்டைக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரம்மசக்தி அடுத்து தண்ணீர்த் தொட்டியை எடுத்தாள். தொண்ணூறு அடி தூரம். அங்கே கோடு ஐம்பத்திரண்டு அடி உயரத்தில் போகிறது. தொட்டியைச் சுற்றின படியில் நின்று கையைத் தூக்கினாலும் நாற்பத்திரண்டுதான். தொட்டியும் இல்லை. அதோடு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்தாள்.

“நடுவுல உள்ள வீட்ட விட்டுட்டீங்களே டீச்சர்” என்றான் தெற்குத் தெருக்காரன் ஒருவன்.

அவள் விட்டது தெரிந்துதான் விட்டிருந்தாள். கணக்கு அவள் தலைக்குள் ஏற்கெனவே முடிந்திருந்தது. ஐம்பத்திரண்டு அடி தூரம், முப்பது அடி உயரம். மாடியின் தளம் இருபத்து மூன்று, கை தூக்கிய ஆள் ஏழு. ஓர் அங்குலம்கூட மிச்சமில்லாமல் உட்கார்ந்தது. அதைச் சொன்னாள். பலகையில் எழுதவில்லை, வாயால் சொன்னாள்.

“நான் கீழ நின்னேன்” என்றான் தளவாய். “எல்லாரும் பாத்தது. நான் கீழதான நின்னேன்?”

“நீ கீழதான் நின்ன” என்றான் முத்தரசு. “எங்க அண்ணன வெட்டிக்கிட்டு நின்ன. மாடியில யாரு நின்னா?”

எல்லோரும் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். அப்போது சுயம்பு தலையை நிமிர்த்தி, ஒரு சின்ன சந்தேகம்போலக் கேட்டான். “தரையக் குத்தவா டீச்சர் எறிவாங்க? ஆளு நெஞ்சுக்குல்லா எறிவாங்க?”

நெஞ்சு நாலு அடி உயரம். நாலு அடி உயரத்தில் கோடு, தரைப்புள்ளிக்கு ஏழு அடி முன்னாலேயே இருக்கும். முன்னறையிலிருந்து ஏழு அடி வெளியே வந்தால் நிலைப்படி. பிரம்மசக்தி நடந்து போய் நிலைப்படியில் நின்றாள், அன்று எப்படி நின்றாளோ அப்படியே. முத்தரசு தன் அண்ணனைக் காப்பாற்ற ஓடிப்போயிருக்க, தெருவில் அந்தப் பக்கத்தில் வேறு ஆள் ஒருவருமில்லாமல், கதவைப் பிடித்துக்கொண்டு அவள் ஒருத்தி மட்டும் நின்ற இடம் அது. முனை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்குத்தான்” என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னதுகூட ரோட்டின் இரண்டு பக்கமும் கேட்டது.

“ஏட்டி, வாய மூடு!” என்று தளவாய் கரும்பலகையை எட்டி உதைத்தான். பலகை இரண்டாகப் பிளந்தது. தடுக்க வந்த முத்தரசுவின் தோளில் தளவாயின் அரிவாள் இறங்கி எலும்பில் சிக்கி நின்றது. அவன் அதை அசைத்து உருவ, முத்தரசு நிலைப்படியில் பிரம்மசக்தியின் காலடியில் விழுந்தான். வேல்கம்பு ஒரு சாண் முன்னால் வந்தது. இந்த முறை எல்லோரும் பார்த்தார்கள்.

பார்த்தும் நிற்கவில்லை. தெற்குத் தெருக்காரர்கள் அரிவாளை உருவினார்கள், வடக்குத் தெருக்காரர்கள் உருவினார்கள், பிள்ளைகள் நாடாவைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு சந்துகளில் ஓடினார்கள். ஒருவனின் கன்னம் பிளந்து பல் தெரிந்தது, ஒருவனின் விரல்கள் ரோட்டில் தெறித்தன, கம்பு ஒரு சாண் வந்தது; இன்னொருவன் தொடையில் வெட்டுப்பட்டு உட்கார்ந்தான், கம்பு இன்னொரு சாண் வந்தது. வெட்டுகிறவர்கள் வெட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு மறுபடி வெட்டினார்கள். பிரம்மசக்தி புருஷனின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து உள்ளே இழுத்தாள். அவன் கனம் தாங்காமல் நிலைப்படியிலேயே சறுக்கிச் சறுக்கி விழுந்தாள். தலைக்கு மேலே முனை ஆள் உயரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவனை விட்டுவிட்டுப் போனால் தப்பலாம். அவள் போகவில்லை.

அந்த வெட்டுக்குத்துக்குள்ளே வெயிலுகந்தார் வந்தார். சட்டை போடாமல், துண்டு மட்டும் போட்டு, யாரையும் விலகச் சொல்லாமல், வழுக்குகிற ரத்தத்தில் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து, வேல்முனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

“அப்பா, அன்னைக்கு யாரப் பாத்து எறிஞ்சீங்க?”

“ஒன்னயத்தாம்மா.”

பக்கத்தில் நின்றவர்களின் கை தானாகத் தாழ்ந்தது. சண்டை அங்கிருந்து தொடங்கி மெல்ல அடங்கிக்கொண்டே போய், ரோட்டின் மறுகோடியில் கடைசியாக நின்றது.

“முத்தரசோட அண்ணன் விழுந்ததப் பாத்தேன். நம்ம ஆளு ரெண்டு பேரு விழுந்ததப் பாத்தேன். இத்தன உசுரு ஒருத்தியால போவுதேன்னு நெனச்சேன். அப்பம் நீ வாசல்ல வந்து நின்ன” என்றார். “கம்பு கையை விட்டதும், ஐயோ வேண்டாம்னேன். சத்தமாத்தான் சொன்னேன். யாருக்கும் கேக்கல.”

“பெறகு இத்தன வருஷம் எங்கூட்டுல சோறு தின்னீங்களே.”

“தின்னேன்.”

தளவாய் அவர் பின்னால் வந்திருந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான், சின்னப் பிள்ளையில் அழுததற்குப் பிறகு அவன் அழுததை அன்றுதான் ஊர் பார்த்தது. “நான் சுயம்பு கைய வெட்டிட்டு வந்து ஒங்ககிட்டதான சொன்னேன்?” என்றான். “அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லா? ஏல, அவன் இல்ல, நாந்தான்னு ஒரு வார்த்த. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாவம் இவ்வளவு சேத்திருப்பனா?”

“சொல்லியிருக்கணும்” என்றார் வெயிலுகந்தார், திரும்பாமல்.

தளவாய் வெட்டினான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கிய வெட்டு அது, பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த பலமெல்லாம் அதில் இருந்தது. வெட்டு விழுந்த அதே நேரத்தில் வேல்கம்பு, முப்பது டிகிரியும் கோடும் தூரமும் எதையும் மதிக்காமல், கிழக்கே ஒரு அங்குலமும் நகராமல், மாடியிலிருந்து கை தவறி விழுந்த கொடிக்கம்பைப்போல நேர் கீழே விழுந்து, ரோட்டில் ஒருமுறை துள்ளி, உருண்டு, வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது. யாரையும் அது தொடவில்லை.

பிரம்மசக்தி ஒரு கையில் புருஷனையும் மடியில் அப்பாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் அருகே வந்தவன் சுயம்பு. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறுநுனியை இடது கையால் கிழவரின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இறுக்கினான். ஆஸ்பத்திரியில் பார்த்து, பார்த்து, அவனுக்கு அது நன்றாக வந்தது.

“சுயம்பு, ஒன்னய நான்…” என்று தொடங்கினார் வெயிலுகந்தார்.

“பேசாதீங்க பெரியவரே” என்றான் சுயம்பு, பல்லில் துண்டோடு. “பேசினா ரத்தம் கூடப் போகுது.”

ஆம்புலன்ஸ் வந்து சேருமுன் அவர் போய்விட்டார். முத்தரசு பிழைத்துக்கொண்டான், அவனுடைய இடது தோள் பிறகு ஒருபோதும் முழுசாகத் தூக்கவில்லை. தளவாய் ஓடவில்லை. அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தவனைப் போலீஸ் வந்து எழுப்பிக் கூட்டிப்போனது. போகும்போது வாய்க்கால் ஓரத்து வேல்கம்பையும் எடுத்துப்போனார்கள். அதை ஒரு கான்ஸ்டபிள் ஒற்றைக் கையால் தூக்கி ஜீப்பில் போட்டார்.

மறுநாள் பிணத்தைத் தூக்க ஆளில்லை. பெற்ற மகள்மேல் எறிந்தவருக்கு நாங்கள் தோள் கொடுக்கமாட்டோம் என்று வடக்குத் தெரு வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன; உண்மையில், அவர் மாடியில் நின்று நினைத்ததையே, எல்லாம் அவள் ஒருத்தியால்தான் என்று, அன்று தாங்களும் நினைத்தது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று சாத்திக்கொண்டன. தெற்குத் தெருவை யாரும் கேட்கவில்லை. பாடை வெயில் ஏற ஏற அவர் வீட்டு வாசலிலேயே கிடந்தது, ஈ மொய்த்தது.

பிரம்மசக்தி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தலைமாட்டில் ஒரு பக்கம் வந்து நின்றாள். பொம்பளை தூக்கக் கூடாது என்று சொல்வதற்குக்கூட அங்கே யாருமில்லை. கட்டுப்போட்ட தோளை விட்டுவிட்டு மற்றத் தோளோடு, ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த முத்தரசு மறுபக்கம் நின்றான். கால்மாட்டுக்கு சுயம்பு வந்தான்.

“நீங்க எதுக்கு” என்றாள் பிரம்மசக்தி.

“கைதான் இல்ல. தோளு ரெண்டும் இருக்கு” என்றான்.

நாலாவது தோளுக்கு வெகுநேரம் காத்திருந்தார்கள். பிறகு அந்த இரட்டை மாடி வீட்டின் கதவு திறந்து, தளவாயின் மனைவி சண்முகவடிவு, அழுது வீங்கிய முகத்தோடு, கணவனைப் போலீஸ் கூட்டிப்போனதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள், ரோட்டில் இறங்கி வந்தாள். சுயம்புவுக்குப் பக்கத்தில் போய் நிற்கத் தயங்கினாள். அவன் நகர்ந்து இடம் விட்டான்.

“தூக்குவமா மைனி?” என்று முன்னாலிருந்து கேட்டாள் பிரம்மசக்தி.

“தூக்கு” என்றாள் சண்முகவடிவு.

நான்கு பேரும் நான்கு உயரம். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிணம் மெல்லச் சரிந்தது, சுயம்பு தன் தலையைச் சாய்த்து அதை முட்டுக்கொடுத்துக்கொண்டான். சாத்திய கதவுகளுக்கு நடுவே, கழுவாத ரோட்டில், அவர்கள் காலைப் பார்த்துப் பார்த்து வைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டுத் திருப்பத்துக்கு வந்தபோது பின்னால் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யார் வீடு என்று அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஆள் இருந்தது.